போலோவுக்கு கோய்லோவரா, ஷாக் மட்டும் போதுமா? ஒரே கார்ல ஆபீசும் ட்ராக்கும் போறவருக்கு

தம்பி கேட்டதை ரெண்டு வரில சொல்லிட்டு ஆரம்பிக்கறேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல. 2017 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 62,000 கிமீ ஓடியிருக்கு, தினமும் தாம்பரத்துலேர்ந்து சிறுசேரி போய்ட்டு வரணும், வருஷத்துக்கு நாலஞ்சு தடவை இருங்காட்டுக்கோட்டை ட்ராக், முடிஞ்சா ஒரு தடவை கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே. ஷாக் (ஷாக் அப்சார்பர்) நாலும் தளர்ந்துபோச்சு. கையில ஒண்ணரை லட்சம் இருக்கு. காரை தாழ்த்தற லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடலாமா, ஃப்ரெண்டு கிட்ட இருக்கற செகண்ட்ஹேண்ட் கோய்லோவரை, அதாவது உயரம் மாத்தற ஸ்பிரிங்-ஷாக் செட்டை, வாங்கலாமா, இல்ல கம்பெனி ஷாக்கையே திரும்ப போட்டுட்டு பேசாம இருக்கலாமானு கேட்டிருக்காரு.

லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடறதுனா வேணாம். நல்ல ஷாக்கா நாலு போடுங்க, ஸ்பிரிங்கை கொஞ்சம் மட்டும் ஸ்டிஃப் ஆக்குங்க, உயரத்துல ரொம்ப கை வைக்காதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் பண்ணின கூத்துலேர்ந்தே ஆரம்பிக்கலாம். பத்து பன்னெண்டு வருஷம் முன்னாடி என் ஸ்விஃப்ட்டுக்கு ஒரு கடைல லோயரிங் ஸ்பிரிங் போட்டேன், ஷாக் பழசேதான். பாக்க சூப்பரா இருந்துச்சு, வீல் ஆர்ச்ல ரெண்டு விரல் கேப். மேடவாக்கம் பக்கம் ஒரு பள்ளத்துல இறங்கினப்போ முன்னாடி டங்னு ஒரு சத்தம், பல்லே கூசிடுச்சு. ட்ராக்லயாவது நல்லா இருக்கும்னு பாத்தா, கார்னர்ல பாதி தூரம் நல்லா போய்ட்டு திடீர்னு மூக்கு வெளிய ஓடுது. எனக்கு காரணமே புரியல. அப்புறம் ஒரு மெக்கானிக் அண்ணன் முன் ஷாக்கோட டஸ்ட் பூட்டை தூக்கிவிட்டு ஷாஃப்ட்ல ஒரு சின்ன கேபிள் டையை மாட்டி, ஷாக் பாடிய ஒட்டுற மாதிரி கீழ தள்ளிவிட்டாரு, "ஒரு ரவுண்டு போய்ட்டு வா"னாரு. தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்ட்டு வந்தேன், அவ்ளோதான். அந்த டை மேல பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசா அமுங்கி இடிக்காம தடுக்கற ரப்பர்) வரைக்கும் ஏறி நசுங்கியே கிடந்துச்சு. அதாவது கார் ஸ்பிரிங்ல ஓடவே இல்ல, ரப்பர்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு. கார்னர்ல வெளிப்பக்க சக்கரம் ரப்பர்ல போய் இடிச்ச அந்த நொடியே முன்னாடி ஸ்டிஃப்னஸ் பல மடங்கு ஏறிடுது, டயர் தாங்கல, மூக்கு ஓடுது. எட்டு மாசத்துல ஷாக் ரெண்டும் எண்ணெய் கக்கிடுச்சு.

அதனால சஸ்பென்ஷன் வாங்கறதுக்கு முன்னாடி என் முதல் கேள்வி எப்பவுமே உங்க சக்கரத்துக்கு மேல போக எத்தனை மிமீ மிச்சம் இருக்குங்கறதுதான். பிராண்டு அப்புறம். அந்த மிமீதான் உங்க கையிருப்பு, காரை இறக்கினா அதுலேர்ந்துதான் கழியும், பள்ளத்துக்கும் அதுலேர்ந்துதான் செலவு. அதே கேபிள் டை டெஸ்டை இந்த வாரமே நீங்களும் பண்ணுங்க, ஆபீஸ் ரூட்ல ஒரு தடவை, அடுத்த ட்ராக் டேல ஒரு தடவை. ரெண்டுல எது அதிகம் ஏறுதுனு பாருங்க. ஆபீஸ் ரூட்தான் ஜெயிக்கும்னு நான் பந்தயமே கட்டுவேன்.

சரி, இறக்கினா லாபமே இல்லையானு கேப்பீங்க. கணக்கு போட்டு பாத்துடலாம். கார் 1100 கிலோ, நீங்க 70, மொத்தம் 1170. கார்னர்ல பக்கவாட்டு விசை 0.9 ஜி, அதாவது எடைல 0.9 மடங்கு, வருதுனு வைங்க, காரோட எடை மையம் தரைலேர்ந்து சுமாரா 55 செமீ, ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல அகலம் 1.45 மீட்டர். பெருக்கி வகுத்தா உள்பக்கத்துலேர்ந்து வெளிப்பக்க சக்கரங்களுக்கு மாறுற எடை கிட்டத்தட்ட 400 கிலோ. இப்போ காரை 30 மிமீ இறக்குங்க, அது 378 ஆகும். மொத்த லாபம் 20 கிலோ சொச்சம். இதுக்காகத்தான் உங்க கையிருப்புலேர்ந்து 30 மிமீயை தூக்கி குடுக்கறீங்க. ஸ்டிஃப் ஸ்பிரிங் போட்டாலும் பெரிய ஆன்ட்டி ரோல் பார் (பாடி சாயறதை அடக்கற கம்பி) போட்டாலும் இந்த 400 பெருசா குறையாது, எந்த ஆக்ஸில் எவ்ளோ பங்கு தாங்கணும்ங்கறதைத்தான் மாத்த முடியும். இதை புரிஞ்சுக்கிட்டா கடைக்காரர் பேச்சுல பாதி அடிபட்டு போயிடும்.

இன்னொரு வில்லங்கம் இருக்கு, இது நிறைய பேருக்கு தெரியாது. போலோல முன்னாடி மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணா சக்கரத்தை புடிச்சிருக்கற டைப். ஸ்டியரிங்கை முழுசா ஒரு பக்கம் திருப்பிட்டு குனிஞ்சு சக்கரத்தை கீழ புடிச்சிருக்கற லோயர் ஆர்மை பாருங்க, கம்பெனி உயரத்துல சக்கரத்து பக்கம் கொஞ்சம் கீழ சரிஞ்சிருக்கணும். காரை இறக்க இறக்க அது படுத்துடும், இன்னும் இறக்கினா சக்கரத்து பக்கம் மேல தூக்கிக்கும். அப்படி ஆயிட்டா ரோல் சென்டர்னு சொல்றமே, கார் எந்த புள்ளிய சுத்தி சாயுதோ அது, காரோட எடை மையம் இறங்கினதைவிட வேகமா கீழ போயிடும். ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடிடும். பாடி சாயறதுக்கு நெம்புகோல் நீளமாயிடுச்சுனு அர்த்தம். இறக்கின காரு முன்னைவிட அதிகமா சாய பாக்கும், அதை அடக்க இன்னும் ஸ்டிஃப் ஸ்பிரிங், அதுக்கு இன்னும் முரட்டு ஷாக்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு செலவு இழுத்துக்கிட்டே போகும். போதாததுக்கு சக்கரத்தை திருப்பற டை ராட் கோணமும் கெட்டுப்போய் ஒரு மேடு ஏறினாலே ஸ்டியரிங் தானா இழுக்கும். என் கணக்குல இந்த காருக்கு 15, மிஞ்சினா 20 மிமீ. அதுக்கு மேல போணும்னா ஆர்மை சக்கரத்தோட சேக்கற பால் ஜாயின்ட்டெல்லாம் மாத்தி ஜியாமெட்ரிய சரிபண்ணணும், அது உங்க பட்ஜெட்ல இல்ல.

ஒண்ணு கவனிக்கணும். நம்ம ஊர் போலோவ ஐரோப்பா காரைவிட உயரமா வச்சுதான் வித்தாங்க, நம்ம ரோட்டுக்காக. அதனால வெளிநாட்டு கேட்டலாக்ல 30 மிமீ இறங்கும்னு போட்டிருக்கற ஸ்பிரிங் இங்க அதைவிட அதிகமா இறக்கிடும். நிறைய பேர் இங்கதான் மாட்டறாங்க.

இப்போ ஸ்பிரிங் எவ்ளோ ஸ்டிஃப்னு பாப்போம். "6 கிலோ ஸ்பிரிங்", "8 கிலோ ஸ்பிரிங்"னு பேசிக்கறதை கேட்டிருப்பீங்க, ஒரு மிமீ அமுக்க எத்தனை கிலோ வேணும்ங்கறது அது. அந்த நம்பரை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, எவ்ளோ எடைக்கு கீழ இருக்குங்கறதை பொறுத்தது. அதனால வினாடிக்கு எத்தனை தடவை ஆடும்னு ஹெர்ட்ஸ்ல பாக்கணும். வீட்டு கார்ங்க 1லேர்ந்து 1.5 ஹெர்ட்ஸ்குள்ள இருக்கும், 2க்கு மேல போனா அது ரேஸ் கார் பேட்டை. போலோல முன்னாடி ஒரு சக்கரத்து மேல, சக்கரம் பிரேக்கெல்லாம் கழிச்சிட்டு, சுமாரா 320 கிலோ உக்காருதுனு வச்சுக்கிட்டா 1.3 ஹெர்ட்ஸுக்கு சக்கரத்துகிட்ட 2.2 கிலோ ரேட் போதும், 1.6க்கு 3.3, 2 ஹெர்ட்ஸுக்கு 5.2. ஸ்ட்ரட் கொஞ்சம் சாஞ்சு நிக்கறதால ஸ்பிரிங் ரேட் இதைவிட ஒரு பத்து சதவீதம் கூட வரும். உங்க உபயோகத்துக்கு 1.6 பக்கத்துல, அதாவது முன்னாடி மூணரைலேர்ந்து நாலு கிலோ ஸ்பிரிங். அந்த ஃப்ரெண்டோட கிட் 6 கிலோன்னீங்க, அது 2 ஹெர்ட்ஸ் தாண்டிடும். இருங்காட்டுக்கோட்டைல அருமையா இருக்கும், சந்தேகமே இல்ல. ஆனா ஸ்ரீபெரும்புதூர் ஹைவே சர்வீஸ் ரோட்டுல திரும்பி வரப்போ உங்க வீட்டம்மா பக்கத்துல உக்காந்திருந்தா என்ன சொல்வாங்கனு யோசிச்சுக்கோங்க.

ஸ்டிஃப் ஸ்பிரிங்குக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 1.3 ஹெர்ட்ஸ்ல கார் தன் எடைக்கு 147 மிமீ அமுங்கி நிக்கும், 2 ஹெர்ட்ஸ்ல வெறும் 62 மிமீ. பள்ளம் வந்தா சக்கரம் கீழ இறங்கி தரைய தொடணும்ல, ஸ்டிஃப் ஸ்பிரிங் அந்த 62 மிமீ வரைக்கும்தான் சக்கரத்தை தள்ளும், அதுக்கு மேல ஸ்பிரிங் லூசு, சக்கரம் தன் எடைல சும்மா தொங்கிட்டு வரும். அதனாலதான் நல்ல கிட்ல மெயின் ஸ்பிரிங் மேல சின்னதா ஒரு ஹெல்பர் ஸ்பிரிங் வச்சிருப்பாங்க. உள்பக்க முன் சக்கரம் கார்னர்ல லேசாகி வீல் ஸ்பின் ஆகறதுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு, 175 நியூட்டன் மீட்டர் டார்க் முன் சக்கரத்துல வர காருக்கு அது ஒரு தலைவலி.

இனி ஷாக். என் காசு பூரா இங்கதான் போகும். எல்லாரும் கார் வேகத்தை நினைச்சுக்கிட்டு பேசுவாங்க, ஷாக்குக்கு கார் வேகம் தெரியாது, அதோட ஷாஃப்ட் எவ்ளோ வேகமா உள்ள வெளிய போகுதுங்கறதுதான் தெரியும். ஸ்டியரிங் திருப்பறப்போ, பிரேக் மிதிக்கறப்போ பாடி மெதுவா சாயுது, ஷாஃப்ட் வினாடிக்கு சில செமீதான் நகரும், இது லோ ஸ்பீட். பள்ளம், ஸ்பீட் பிரேக்கர், ட்ராக் ஓர கெர்ப், இதெல்லாம் ஹை ஸ்பீட். உங்களை மாதிரி ரெண்டு பக்கமும் ஓட்டறவருக்கு என்ன வேணும்னா லோ ஸ்பீட்ல இறுக்கமா, ஹை ஸ்பீட்ல விட்டுக்குடுக்கற ஷாக். கார்னர்ல பாடிய புடிச்சு வைக்கும், பள்ளத்துல வால்வு திறந்து விட்டுரும். விலை குறைஞ்ச கோய்லோவர்ல நிறைய இடத்துல நடக்கறது தலைகீழ். இறுக்கம் மாத்தற கிளிக்கை திருப்பினா ஹை ஸ்பீடும் சேந்து ஏறிடும், கெர்ப்ல ஏறினா கார் எகிறும், நடு கார்னர்ல சொங்கி மாதிரி சாயும்.

நம்ம ஊர்ல ஹை ஸ்பீட் ஏன் இவ்ளோ முக்கியம்னா, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவுப்படி ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செமீ உயரம், 17 மீட்டர் ஆரத்துல அழகா வளைஞ்சு இருக்கணும். உங்க தெருவுல அப்படி ஒண்ணு காட்டுங்க பாப்போம். ராத்திரியோட ராத்திரியா ரெண்டு தட்டு ஜல்லிய கொட்டி அமுக்கிட்டு பெயின்ட்டும் அடிக்காம போறதுதான் இங்க ஸ்பீட் பிரேக்கர்.

ரீபௌண்டை, அதாவது அமுங்கின ஷாக் திரும்ப வெளிய வரதை அடக்கற செட்டிங்கை, முழுசா இறுக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அலை அலையா இருக்கற ரோட்டுல ஒரு மேடு ஷாக்கை அமுக்கும், அது வெளிய வரதுக்குள்ள அடுத்த மேடு வந்துடும், கார் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கி கடைசில பம்ப் ஸ்டாப்ல உக்காந்துடும். ஓட்டறவருக்கு ஸ்பிரிங் சாஃப்ட்டா இருக்குனு தோணும், இன்னும் ஸ்டிஃப்பா வாங்குவாரு. திருப்பி ரெண்டு கிளிக் தளர்த்தினா போதும், காசே வேணாம்.

பேர் சொல்லி கேட்டீங்க. பில்ஸ்டீன்ல பி6னா கம்பெனி ஸ்பிரிங்கோட போடறது, பி8 அதே ஷாக்கு நீளம் குறைச்சு இறக்கின காருக்கு, பி14 உயரம் மாத்தற கோய்லோவர் ஆனா டேம்பிங் (ஷாக்கோட இறுக்கம்) ஃபிக்ஸட், பி16ல டேம்பிங்கும் மாத்தலாம். எல்லாமே மோனோட்யூப், அதாவது ஒரே குழாய் டைப், ட்ராக்ல இருபது நிமிஷம் தொடர்ந்து ஓட்டினாலும் எண்ணெய் சூட்டை வெளிய விடும். கோனி மஞ்சள்ல ரீபௌண்ட் மட்டும் மாத்தலாம், ரோட்டுக்கு அது ரொம்ப சாது. கேடபிள்யூல வி1 ஃபிக்ஸட், வி2ல ரீபௌண்ட், வி3ல கம்ப்ரெஷனும் (ஷாக் அமுங்கற பக்கம்) தனியா. ஓலின்ஸ் ரோட் அண்ட் ட்ராக் நான் ஓட்டினதுலயே பள்ளத்துக்கு பயப்படாத கோய்லோவர், ஆனா உங்க பட்ஜெட்டுக்கு அதோட பெட்டிதான் வரும். உங்களுக்கு என் ஓட்டு பி6 மாதிரி ஒரு ஷாக், கூட மிதமான ஸ்பிரிங், புது ஸ்ட்ரட் மவுண்ட், புது பம்ப் ஸ்டாப், லோயர் ஆர்ம் புஷ் (ஆர்ம் மூட்டுல இருக்கற ரப்பர்). 62,000 கிமீ ஓடின காருல புஷ் மாத்தாம புது ஷாக் போடறது கிழிஞ்ச சட்டைக்கு இஸ்திரி போடற கதை. வாங்கறப்போ இந்திய கார் உயரத்துக்கு ஷாக் நீளம் ஒத்து வருதான்னு பழசை கழட்டி பக்கத்துல வச்சு டேப்ல அளந்து பாருங்க, பார்ட் நம்பரை மட்டும் நம்பாதீங்க.

"போலோ ரேஸ்ல ஓடுதே, அதுல எவ்ளோ தாழ்வா இருக்கு"னு கேட்டீங்கள்ல. ஆமா, 2010லேர்ந்து ஃபோக்ஸ்வேகன் போலோ கப் நடத்தினாங்க, இதே இருங்காட்டுக்கோட்டைலயும் கரிலயும் ஓடியிருக்கு. ஆனா அந்த கார் லாரில வந்து லாரில போகும். 3.7 கிலோமீட்டர் நல்ல தார்ல சுத்தறதுக்காக மட்டும் செட் பண்ணினது, அதை பாத்து நம்ம காப்பி அடிக்க கூடாது.

முன் சக்கர ட்ரைவ் காருக்கு பின்னாடி கொஞ்சம் ஸ்டிஃப் ஆக்கறது நல்ல தந்திரம். முன்னாடி டயருக்கு ஸ்டியரிங், பிரேக், இன்ஜின்னு மூணு வேலை, பின்னாடி டயர் சும்மா கூட வருது. மேல சொன்ன அந்த 400 கிலோல கொஞ்சம் பங்கை பின் ஆக்ஸில் வாங்கிக்கிட்டா முன்னாடி மூச்சு விடும். போலோல பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேக்கற முறுங்கற சட்டம்), ஸ்பிரிங் தனி ஷாக் தனி, அதனால பின் ஸ்பிரிங் மாத்தறது ஒரு மணி நேர வேலை. ஆனா அளவோட பண்ணுங்க, மழைல ஓஎம்ஆர் ஃப்ளைஓவர் இறங்கறப்போ பின்பக்கம் வழுக்கினா சிரிப்பு வராது.

கேம்பர்தான், அதாவது முன்னாடிலேர்ந்து பாத்தா சக்கரம் சாஞ்சு நிக்கற கோணம், கம்மி காசுல பெரிய மாத்தம். கம்பெனி செட்டிங்ல முன் சக்கரம் கிட்டத்தட்ட நேரா நிக்கும், ட்ராக்ல ரெண்டு செஷன்ல வெளிப்பக்க ஓரம் மட்டும் தேஞ்சு உருண்டையாயிடும். டயர் ஓரத்துல சாக்பீஸால குறுக்கு கோடு போட்டுட்டு நாலு லேப் ஓட்டிட்டு வந்து பாருங்க, கோடு எதுவரைக்கும் அழிஞ்சிருக்கோ அதுவரைக்கும் டயர் மடங்கியிருக்கு. முன்னாடி மைனஸ் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயறது) ஒண்ணரைலேர்ந்து ரெண்டு டிகிரி இருந்தா உங்களுக்கு போதும். ஸ்விஃப்ட் மாதிரி ரெண்டு போல்ட்ல ஸ்ட்ரட் நிக்கற காருக்கு கேம்பர் போல்ட் போட்டா முடிஞ்சுது, போலோல ஸ்ட்ரட்டை நக்கிள்ள (சக்கரம் மாட்டற இரும்பு பாகம்) செருகி இறுக்கற டைப், அது நடக்காது, மேல கேம்பர் ப்ளேட் போடணும் இல்லாட்டி கீழ பால் ஜாயின்ட்டை நகத்தணும். ப்ளேட்ல ரப்பர் இல்லாத டைப் வாங்கிடாதீங்க, தினமும் கடகடனு சத்தம் கேக்கும். கேம்பரால டயர் தேயும்னு பயமுறுத்துவாங்க, நிஜத்துல டயரை தின்றது டோ, அதாவது மேலேர்ந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கறது. டோவை ஜீரோகிட்ட வச்சிட்டீங்கன்னா ரெண்டு டிகிரி கேம்பரோட ரோட்டுல நிம்மதியா ஓட்டலாம்.

டயர், பிரேக் பேட், புது பிரேக் ஆயில், இந்த மூணும் சஸ்பென்ஷனுக்கு முன்னாடி. பழைய ஆயில்ல ஈரம் ஏறி கொதிச்சு பெடல் தரைய தொட்டா எந்த ஷாக்கும் காப்பாத்தாது. இதை பத்தி வேற சமயம் எழுதறேன்.

இன்சூரன்ஸ்காரங்க பாலிசிய ஒரு தடவை எடுத்து படிங்க, ரேஸிங், ஸ்பீட் டெஸ்டிங்ல ஆனதுக்கு கவர் கிடையாதுனு போட்டிருக்கும். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவும் ஆர்சில இருக்கறதுக்கு மாறா வண்டிய மாத்த கூடாதுங்குது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிச்சு. ஷாக் மாத்தினதுக்கு யாரும் வண்டிய நிறுத்தி நான் பாத்ததில்ல, ஆனா தரைய தேய்க்கற அளவுக்கு இறக்கின காரை தூரத்துலேர்ந்தே கண்டுபுடிச்சிடுவாங்க.

அந்த செகண்ட்ஹேண்ட் கோய்லோவர் மேல இன்னும் ஆசை போகலைனா, போய் பாக்கறப்போ இதெல்லாம் பண்ணுங்க. ஷாஃப்டை நகத்தால மேலேர்ந்து கீழ வருடுங்க, கீறலோ துரு புள்ளியோ தட்டினா சீல் போயிடும். ஸ்பிரிங்கை கழட்டிட்டு கையால அமுக்கி விடுங்க, கேஸ் இருந்தா தானா மெதுவா வெளிய வரணும், நாலும் ஒரே வேகத்துல. இழுக்கறப்போ நடுவுல தொபக்னு ஒரு வெற்றிடம் தெரிஞ்சா உள்ள எண்ணெய் கம்மி. ஒவ்வொரு கிளிக்கும் எண்ணி பாருங்க, முழுசா இறுக்கிட்டு அங்கேர்ந்து தளர்த்தி எண்ணணும், ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வரணும். அப்புறம் அந்த உயரம் மாத்தற வளையம் சுத்துதான்னு பாருங்க. ஃப்ரெண்டு வீடு ஈசிஆர் பக்கம்னீங்க, உப்பு காத்துல அந்த திரெட் ஒட்டிப்போயிருக்க வாய்ப்பு நிறைய. சுத்தியலால தட்டித்தான் திருப்பணும்னு அவர் சொன்னா, டீ குடிச்சிட்டு கிளம்பி வந்துடுங்க.